டிக்கி மாஸ்டர் முன்சீட்டுக்கு வந்த கதை

தஞ்சாவூரில் டிக்கி மாஸ்டரின் முகத்தைப் பார்த்தவர்களைவிட அவருடைய உள்ளங்காலைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

நாஞ்சிக்கோட்டை சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். வாசலில் எந்நேரமும் ஒரு கார், பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தவர் மாதிரி, பின்கதவைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த வாய்க்குள்ளிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் மாஸ்டர். வருகிறவர்கள் கால்களுக்குத்தான் வணக்கம் சொல்வார்கள். ஒரு கட்டைவிரல் ஆடினால் "இருங்க, வரேன்" என்று அர்த்தம். இரண்டும் ஆடினால் "நாளைக்கு வாங்க." விரல்களின் இந்த பாஷை தெரியாமல், மயிலாடுதுறையிலிருந்து வந்த ஒருவர் சாயங்காலம் வரை அந்தக் கால்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததாக எதிர்க்கடை டீக்காரர் சொல்வார். டீக்காரர் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல்.

காரில் பாட்டு வைத்துக்கொடுப்பது மாஸ்டரின் தொழில். ஆனால் பாட்டின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. பாடகர், வயலின், புல்லாங்குழல் எல்லாம் அவரைப் பொறுத்தவரை தும்மல், இருமல் வகையறா. அவருக்கு வேண்டியது அடியில் ஓடும் 'தும் தும்' மட்டும். காதில் விழாமல் நேராக வயிற்றில் விழுகிற அந்தச் சத்தத்துக்கு பேஸ் என்று பெயர். அதைக் கொடுக்கிற பெரிய பெட்டிக்கு ஊஃபர் என்று பெயர். ஒரு வண்டிக்குள் அந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காகவே ஆண்டவன் தன்னைப் படைத்திருக்கிறான் என்பது அவர் நம்பிக்கை.

"பேஸுக்குத் திசை கிடையாது சார். எங்கேருந்து வருதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அதுக்கு இடம் உண்டு. அரையடி தள்ளி வெச்சீங்கன்னா அதே பெட்டி செத்துப்போயிடும்" என்பார்.

அந்த இடத்தை அவர் தேடுகிற அழகைக் காணக் கண் கோடி வேண்டும். நான் முதல்முதலில் ஷெட்டுக்குப் போன அன்று, ஒரு காரின் டிரைவர் சீட்டில் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் டிக்கிக்குள் காதைத் தரையில் வைத்துத் தவழ்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இடது மூலையில் காது. அப்புறம் வலது மூலையில். அப்புறம் ஸ்டெப்னி டயரின் மேல் கன்னத்தை வைத்து, குழந்தை தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாட்டு கேக்கிறவர் உக்கார்ற இடத்துல பெட்டியை வெச்சுட்டேன் சார். பெட்டி இருக்க வேண்டிய இடத்துல என் காதை வெச்சுப் பார்க்குறேன். எந்த மூலையில நல்லா கேக்குதோ, அங்க பெட்டி. ஆளும் பெட்டியும் இடம் மாத்திக்கிறாங்க. அவ்வளவுதான்."

"சரி மாஸ்டர், பெட்டிக்கு எதுக்கு பெல்ட்?"

"சட்டம் சார்" என்றார், டயரிலிருந்து கன்னத்தை எடுக்காமல்.

எவ்வளவு தவழ்ந்தாலும் முடிவில் ஒரே இடத்துக்குத்தான் வருவார் என்பது வேறு விஷயம். பெட்டி டிக்கியில்தான் இருக்க வேண்டும். பின்கதவை ஒட்டிய மூலையில், வாய் பின்பக்கம் பார்த்து. "சத்தம் பின்கதவுல முட்டிக்கிட்டுத் திரும்பி வரணும் சார். திரும்பி வர்றதுக்குள்ள அதுக்கு ஒரு பக்குவம் வந்துடும்." பெட்டியை முன்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

உலகத்தையே அவர் டிக்கி வழியாகத்தான் பார்த்தார். அதே தெருவில் ஒருவர் தன் பெண்ணுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையைப் பற்றி, "பையன் உங்ககிட்டதான் பாட்டுப் பெட்டி போட்டானாமே, எப்படி ஆளு?" என்று விசாரித்தார். மாஸ்டர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூலையெல்லாம் சுத்தமா வெச்சிருக்கான். ஜாக்கி இருக்க வேண்டிய இடத்துல ஜாக்கி இருக்கு. தைரியமா கொடுங்க." கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் நெல் அறுவடை மெஷினையே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திய வருஷம் மாஸ்டர் கொஞ்சம் திணறிப்போனார். அறுவடை மெஷினுக்கு டிக்கி ஏது? இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே ஏறி, அறுத்த நெல் வந்து விழும் தொட்டிக்குள் இறங்கிவிட்டார். உள்ளேயிருந்து "ஆகா" என்று ஒரு குரல் வந்தது. பெட்டி தொட்டியின் அடியில் போனது. காலித் தொட்டியில் பேஸ் கோயில் முரசு மாதிரி அதிர்ந்ததாம். நெல் விழ விழ அது குறைந்துகொண்டே வந்து, தொட்டி நிரம்பியதும் தொண்டை கட்டியவன் முனகுகிற மாதிரி ஆகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சண்டைக்கு வந்திருப்பார்கள். மெஷின்காரர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். திரும்பித் திரும்பித் தொட்டியைப் பார்க்கிற வேலை அவருக்கு மிச்சமாம். பாட்டு அடங்கினால் நெல்லைக் கொட்டப் போய்விடுகிறார்.

அமரர் ஊர்தி கதை அவ்வளவு சுபமாக முடியவில்லை. ஊர்தியின் சொந்தக்காரர் இறுதி ஊர்வலத்துக்குப் பறைச் சத்தம் கேட்க வேண்டும் என்று விரும்பினார். மாஸ்டர் தவழ்ந்து பார்த்து, கண்ணாடிப் பெட்டிக்கு நேர் கீழே இடம் கண்டுபிடித்தார். முதல் சவாரியிலேயே, பெரியவரின் நெஞ்சின் மேல் கிடந்த ரோஜா மாலை மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். பாகப் பிரிவினைக்குக் காத்திருந்த தம்பி ஒருவர் அங்கேயே மயங்கி விழுந்தார். இது டீக்காரர் சொன்னது.

நானே பார்த்தது ஒன்று உண்டு. மாஸ்டருக்குப் பரம எதிரி கடகடப்பு. பேஸ் அதிரும்போது கூடவே எங்கேயோ ஒரு தகரம் துடித்தால் அவரால் தாங்க முடியாது. எந்தத் தகரம் என்று பிடிக்க, அங்கே நிற்கிறவர்களையெல்லாம் காரின் ஆளுக்கொரு பாகத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்வார். ஒருநாள் நான் இடது விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டீக்காரர் பம்பரை அணைத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"இங்க சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. யாருய்யா ஓனரு?"

டிக்கிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நல்ல நேரத்துல வந்தீங்க. அந்த நம்பர் பிளேட்டை ரெண்டு கையாலயும் பிடிங்க."

அந்தக் குரலில் இருந்த அவசரத்தில் போலீஸ்காரர் குனிந்து பிடித்துவிட்டார். கடகடப்பு நின்றது. மாஸ்டர் சந்தோஷத்தில் எழுந்து டிக்கி மூடியில் தலையை இடித்துக்கொண்டு, "பிடிச்சுட்டாரு. சார்தான் பிடிச்சாரு" என்றார். போலீஸ்காரருக்கு வாழ்க்கையில் எதையோ பிடித்த திருப்தி முகத்தில் தெரிந்தது. டீ குடித்துவிட்டுப் போனார். கம்ப்ளெய்ன்ட் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய் நான், "மாஸ்டர், ஊஃபரைக் கழற்றணும்" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவரிடமிருந்து நான் வாங்கிய பழைய காரில், அது பின்சீட்டுக்குப் பின்னால் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. என் மனைவி இரண்டு தடவை பின்சீட்டில் வந்து பார்த்தாள். "முதுகுல யாரோ மாவு இடிக்கிற மாதிரி இருக்குங்க. ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்" என்றாள். மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கும்பகோணத்து மண்டபத்துக்கும் வலங்கைமான் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கும் கார் பலமுறை போய் வர வேண்டியிருந்தது.

ஆனால் வீட்டில் பெரிய கவலை ஊஃபர் அல்ல. என் அப்பா.

அப்பாவுக்குக் காது போய்க்கொண்டே இருந்தது. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். கொஞ்ச நாள் போட்டுவிட்டு, "ஊர்ல இருக்கிற தட்டு, டம்ளர் எல்லாம் காதுக்குள்ள வந்து விழுது" என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சும் குறைந்தது. வயலுக்குப் போவார், மடையைப் பார்ப்பார், வருவார், சாப்பிடுவார். எது கேட்டாலும் ஒரு தலையாட்டல். எங்கே தவில் வாசித்தாலும் போய் முன்னால் உட்காருகிறவர், கோயில் திருவிழாவுக்குக்கூடப் போவதை விட்டுவிட்டார். கடைசியில் பேத்தி கல்யாணத்துக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"நான் வந்து என்ன பண்ணப்போறேன்? எல்லாரும் வாயை வாயைத் திறப்பாங்க. நான் மீன்தொட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். நீங்க போயிட்டு வாங்க."

மகள் அவர் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். ஆனால் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று அப்பாவைத் தஞ்சாவூரில் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். "மெல்லிய சத்தமெல்லாம் போயிடுச்சு. கனமான சத்தம்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கு. மெஷினைப் போட்டுப் பழகச் சொல்லுங்க" என்றார் டாக்டர். அப்பா மெஷினைச் சட்டைப் பையில் தட்டிக் காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். திரும்பும் வழியில்தான், மனைவி சொன்ன வேலையையாவது முடிப்போம் என்று ஷெட்டில் காரை நிறுத்தினேன்.

கழற்ற வேண்டும் என்று நான் சொன்னதும் மாஸ்டரின் இரண்டு கட்டைவிரல்களும் விறைத்தன. வெளியே வந்தார். என் காரின் டிக்கியைத் திறந்து பார்த்தார். பெட்டி முன்பக்கம் பார்த்திருந்ததைக் கண்டதும், பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் பெண் படும் பாட்டைப் பார்த்த தகப்பன் மாதிரி நின்றார்.

"இது பெட்டியோட தப்பு இல்ல சார். இதுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்க. அப்புறமும் வேணாம்னா நானே கழட்டிடுறேன்."

பெட்டியைப் பெயர்த்து, நீள வயரோடு தூக்கிக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் வைத்தார். பக்கத்து சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். "ஐயா, கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?" என்றார் மாஸ்டர். அப்பா தலையாட்டினார், இறங்கவில்லை. மாஸ்டர் பெட்டிக்கு மட்டும் பெல்ட்டைப் போட்டுவிட்டு டிக்கிக்குள் போய்விட்டார். அப்பா பெட்டியை ஒருமுறை பார்த்தார். ஏதோ சாமான் என்று நினைத்திருப்பார். கை வைத்துக்கொள்ள வசதியாக இருந்ததால் வலது கையை அதன் மேல் நீட்டி வைத்துக்கொண்டார்.

பெட்டியைச் சோதிக்க மாஸ்டர் சினிமாப் பாட்டு போடுவதில்லை. ஏதோ ஒரு கோயில் உற்சவத்தில் அவரே போனில் பதிவு செய்த தவில்தான். "சினிமால பேஸ் கம்ப்யூட்டர் போடுறது. தவில்ல இடது பக்கம் மனுஷன் குச்சியால அடிச்சாத்தான் வரும்" என்பார். அதை ஓட விட்டார்.

அப்பாவின் விரல்கள் அசைந்தன. முதலில் சுண்டுவிரல். அப்புறம் உள்ளங்கை முழுவதும் பெட்டியின் மேல் பதிந்தது. அவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். தொடையில் இடது கை தாளம் போடத் தொடங்கிவிட்டது.

"யாருடா வாசிக்கிறது?" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "இடந்தலை இழுப்புப் பத்தல. வாரை இன்னும் கொஞ்சம் முறுக்கியிருக்கணும்."

டிக்கிக்குள் தலை இடிபடும் சத்தம் கேட்டது. மாஸ்டர் ஓடி வந்தார். "சார், அன்னைக்கு மழை. தோல் தளர்ந்துபோச்சுன்னு வாசிச்சவரே சொன்னாரு. ஐயாவுக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்குக் காது கேட்காது மாஸ்டர்."

மாஸ்டர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். அப்பாவின் முகம் வாடியது. மறுபடி போட்டார். மலர்ந்தது. இன்னொரு தடவை நிறுத்தப் போனவரின் கையை நான்தான் பிடித்துத் தடுத்தேன்.

"மாஸ்டர், இதை இங்கேயே, அப்பா பக்கமா எங்கேயாவது வெச்சுக் கொடுத்துடுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "முன்னாடியா?"

"ஆமா."

"சார், ஊஃபரை முன்னாடி வைக்கிறது, பந்தியில கை கழுவுற இடத்துல இலை போடுற மாதிரி. நீங்க உக்கார்ற பக்கம் ஒண்ணும் விழாது. மொண்ணையா இருக்கும். நாளைக்கு நாலு பேர் பார்த்துட்டு, டிக்கி மாஸ்டரே முன்சீட்ல வெச்சான்னு சொல்லுவாங்க. வேற என்ன வேணா கேளுங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. பெட்டியைக் கழற்றித் தன் ஷெட்டிலேயே வைத்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார். வழி முழுவதும் அப்பா டிரைவர் சீட்டையே, அதாவது என்னையே, பெட்டியைக் காணோமே என்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு மாஸ்டர் மேல் ஆத்திரமாக வந்தது. எத்தனை காருக்குள் தவழ்ந்து என்ன, மனுஷனுக்கு மனசு இல்லையே என்று வீட்டில் புலம்பினேன்.

அந்த வாரக் கடைசியில், காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு, எங்கள் வீட்டு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. மாஸ்டர். பின்னால் கோணிச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய ஏதோ ஒன்று. பிரித்தால், தட்டையாக, சீட்டுக்கு அடியில் நுழைகிற உயரத்துக்குப் புதிதாகச் செய்த மரப்பெட்டி.

"பழைய பெட்டி சீட்டுக்கடியில போகாது. அதான் இதை அடிச்சேன்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "ஆனா ஒண்ணு. யார் போட்டதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லக் கூடாது."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் இங்கேயும் அவருடைய நிஜப் பெயரை எழுதவில்லை. எனக்கு அது தெரியாது என்பது இன்னொரு காரணம்.

அன்று முற்பகல் முழுவதும் எங்கள் வாசலில் நடந்ததை என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அப்பா சீட்டில். மாஸ்டர் அவர் காலடியில். பெட்டியை இப்படி நகர்த்துவார், அப்படித் திருப்புவார், ஒவ்வொரு தடவையும் அப்பாவை நிமிர்ந்து பார்ப்பார். அப்பா பாதத்தை அழுத்தி வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். வாழ்க்கையில் முதல்முறையாக மாஸ்டர் தன் காதை நம்பாமல் இன்னொருவர் காலை நம்பி வேலை செய்தார். நடுவில் அப்பா பேசத் தொடங்கினார். எந்த ஊரில் எந்தத் தவில்காரர் எப்படி வாசிப்பார், சம்பாவுக்குத் தண்ணீர் எப்போது வரும், மருமகள் சாம்பாரில் புளி ஏன் ஜாஸ்தி, எல்லாம். மாஸ்டர் சீட்டுக்கடியிலிருந்தே பதில் சொன்னார். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவருக்கு அடுத்தவர் சொல்வதைக் கேட்டுப் பழக்கமே கிடையாது. அவ்வளவு பொருத்தமான பேச்சுத் துணையை நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஓர் இடத்தில் அப்பா கையை உயர்த்தி, "இங்கதான்" என்றார். மாஸ்டர் திருகாணியை முறுக்கினார். பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வேப்பங்காய் தின்ற முகத்தோடு இறங்கினார்.

"உங்க பக்கம் ரொம்பக் கேவலமா இருக்கு சார். மன்னிச்சுக்குங்க."

பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த என் மனைவி, "எனக்கு இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றாள்.

அப்பா கல்யாணத்துக்கு வந்தார். கூப்பிட வேண்டியிருக்கவில்லை, விடியற்காலையிலேயே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். கும்பகோணம் வரை தவில். மண்டபத்தில் முன்வரிசை நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. நேராக மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்த மரமேடைக்குப் போய், அதன் விளிம்பில் அமர்ந்து, உள்ளங்கையைப் பலகையின் மேல் பரப்பி வைத்துக்கொண்டார். யாரும் அவருக்கு அதைச் சொல்லித்தரவில்லை. கெட்டிமேளம் கொட்டியபோது எல்லோரும் ஐயரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் முன்னால் பேத்தியின் தலையில் விழுந்தது அப்பா போட்ட அட்சதைதான்.

மாஸ்டரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். தாலி கட்டும்போது தேடினேன், காணோம். மண்டபத்துக்கு வெளியே வரிசையாக நின்ற கார்களின் பின்பக்கங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாக மாப்பிள்ளை வீட்டு டிரைவர் சொன்னார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட் சத்தம் கேட்கிறது. "வயரிங் ஒரு தடவை செக் பண்ணணும் சார்" என்றபடியே வருவார். அப்பா ஏற்கெனவே காருக்குள் இருப்பார். இவர் டிரைவர் சீட்டில், தான் கேவலம் என்று சொன்ன அதே இடத்தில், ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். கார் எங்கேயும் போகாது. கண்ணாடிக்கு உள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டும் தலையாட்டிக்கொண்டும் இருப்பது தெரியும். நான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். வெயில் ஏறிய பிறகு மாஸ்டர் இறங்கி, "வயரிங் நல்லா இருக்கு சார்" என்பார்.

போன வாரமும் அப்படித்தான் சொன்னார். அந்த வயரில் எந்தக் கோளாறும் வந்ததில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எதுக்கும் அடுத்த ஞாயிறும் வந்து ஒரு தடவை பார்த்துடுங்க மாஸ்டர்" என்றேன்.